பெயர் வெட்டிய செம்பு

எங்கள் ஊர்களில் முன்பெல்லாம் ஒரு பித்தளைப் பாத்திரம் வாங்கினால் அதிலே பெயர் வெட்டுவிக்காமல் அடுக்களைக்குள் எடுக்க மாட்டார்கள். சிறிய உளியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக எழுத்து விழுத்துவார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து, தன் பெயரின் முதலெழுத்து, சிலவேளை ஊரின் முதலெழுத்து, சிலவேளை ஆண்டு. இதற்குக் காரணம் பெருமை மட்டுமல்ல. கலியாண வீடு, செத்த வீடு, கோயில் பொங்கல் என்று வந்தால் அயலட்டையில் உள்ள கிடாரம், அண்டா, தாம்பாளம், செம்பு எல்லாம் ஒரே வளவுக்குள் வந்து சேர்ந்துவிடும். சமைத்து முடித்துக் கழுவிக் கவிழ்த்த பிறகு எது யாருடையது என்று பிரித்துக் கொடுக்க அந்த எழுத்துத்தான் சாட்சி.

சீதனமாக வந்த பாத்திரங்களில் பெண்ணின் பெயரே வெட்டப்பட்டிருக்கும். என் அம்மம்மா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவ. ஆனால் பத்துச் செம்புகளைக் கவிழ்த்து வைத்தாலும் கழுத்தடியில் விரலால் தடவிப் பார்த்து, “இது என்ரை” என்று தூக்கிவிடுவா. எழுத்து என்றால் அவவுக்கு அந்த ஓர் எழுத்துத்தான்.

சகோதரிகளே, உங்களில் பலரின் வீட்டிலும் இப்படியான பாத்திரங்கள் இருந்திருக்கும். இருந்திருக்கும் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 அன்று இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கமாக நடந்தபோது, தலையிலும் சைக்கிளிலும் எவ்வளவைத்தான் கொண்டுபோக முடியும்? பிள்ளைகள், அரிசி, காணி உறுதி, அடையாள அட்டை, இரண்டு மாற்றுடுப்பு. அம்மா பெரிய பாத்திரங்களைக் கிணற்றுக்குள் இறக்கினா. சிறியவற்றைச் சாக்கில் சுற்றிப் பின்வளவில் பலா மரத்தடியில் தாட்டா. நிலத்தின் மேல் காய்ந்த இலைகளைக் கூட்டிப் பரவிவிட்டா. ஒரு கிழமையில் திரும்பி விடுவோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கிணற்றில் தண்ணீர் மட்டும் இருந்தது. பலா மரத்தடி கிளறிக் கிடந்தது. வீட்டின் கதவு, யன்னல், நிலை எல்லாம் கழற்றப்பட்டிருந்தன. சுவர் நின்றது. யார் எடுத்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அம்மா அழவில்லை. “உயிரோடை வந்திட்டம், பிறகென்ன” என்றா. ஆனால் சாகும் வரைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் செம்பில் தண்ணீர் தந்தால், குடித்து முடித்துவிட்டு ஒருமுறை கவிழ்த்துப் பார்ப்பா. நான் அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்துவிடுவேன்.

அம்மாவின் இந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது. பழைய சாமான் கடை எதைக் கண்டாலும் உள்ளே போய்ப் பார்க்காமல் வர என்னால் முடிவதில்லை. கொழும்பில் பார்த்திருக்கிறேன், கண்டியில் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்தவற்றுள் மிகப் பெரியது காலி வீதியில், அம்பலாங்கொடைக்குக் கிட்ட உள்ள ஒரு கடை. முகமூடி செதுக்குவதற்குப் பெயர் போன அந்த ஊர்ப் பக்கத்தில் பழைய தளபாடம் விற்கும் கடைகளும் பல உண்டு. 2018ஆம் ஆண்டு பனையோலைக் கைப்பணி செய்யும் பெண்கள் பதினான்கு பேராகக் காலிக்கு ஒரு பயிற்சிக்குப் போய்த் திரும்பும்போது, தேநீர் குடிக்க வான் நின்ற இடத்துக்கு எதிரே அந்தக் கடை இருந்தது. சாரதி அரை மணித்தியாலம் தந்தார். நாங்கள் இரண்டு மணித்தியாலம் எடுத்தோம்.

வெளியே பார்த்தால் ஓடு போட்ட நெல்லுக் களஞ்சியம் போல இருந்தது. உள்ளே போனால் ஒரு கொட்டிலுக்குப் பின்னால் இன்னொரு கொட்டில், அதற்குப் பின்னால் இன்னொன்று. முதலாவதில் முழுவதும் தளபாடம். ஒல்லாந்தர் காலத்துப் பாணியில் செய்த பெட்டகங்கள், பித்தளைப் பூண் போட்டவை. கருங்காலிக் கதிரைகள். முதிரை, பலா, தேக்கு அலுமாரிகள். கை நீட்டிய சாய்மனைக் கதிரைகள். இவற்றில் எது உண்மையில் பழையது, எது பழையது போலச் செய்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முன்பக்கத்தைப் பார்க்கக் கூடாது. லாச்சியை வெளியே இழுத்து அடியைப் பார்க்க வேண்டும். பெட்டகத்தின் முதுகைப் பார்க்க வேண்டும். பழைய வேலையில் பொருத்துகள் மரத்தால் மரத்தைக் கவ்வியிருக்கும். பின்பக்கப் பலகையில் கை இழைப்புளியின் மேடுபள்ளம் விரலில் தட்டும். கை படுகிற இடங்கள் மட்டும் தேய்ந்து மினுமினுக்கும். எல்லா இடமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் அது உரத்தாளின் வேலை.

இரண்டாவது கொட்டிலில் ஒரு சுவர் முழுக்கக் கதவுகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. யன்னல் சட்டங்கள், இரும்புக் கம்பியோடு. தூண்கள் அடுக்கப்பட்டிருந்தன. நான் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நாற்சார் வீட்டு முற்றத்தைச் சுற்றி நிற்கும் தூண்கள் எனக்குத் தெரியும். இவை எந்த ஊர்த் தூண்கள் என்று சொல்ல என்னால் முடியாது. தெற்கிலும் பழைய வளவு வீடுகள் இடிக்கப்பட்டு மரம் விற்கப்படுகிறதுதான். ஆனால் ஒரு கதவின் மேற்பட்டியில் திருநீற்றுக் குறிபோல மூன்று வெள்ளைக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. எந்தப் பொங்கலுக்கு, எந்தக் கை பூசியதோ.

எங்கள் கூட்டத்தில் கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி இருந்தா. சட்டை தைத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்க்கிறா. அவ எங்களை விட்டுவிட்டு நேரே தையல் மெஷின் வரிசைக்குப் போய்விட்டா. அங்கே பதினைந்து, இருபது சிங்கர் மெஷின்கள். கால் மெஷின், கை மெஷின், கறுப்பு உடம்பில் தங்க நிறப் பூ வேலை. சிங்கர் கம்பனி இலங்கைக்கு 1877இல் வந்தது. ஆகவே நாடு முழுக்கப் பாட்டிமாரின் அறைகளில் அது இருந்ததில் புதுமை இல்லை. அங்கே நின்ற வயதான வேலையாள் ஒருவர் இலக்கம் பார்த்து வயது சொல்லக் கற்றுத் தந்தார். மெஷினின் அடித்தட்டில் ஓர் இலக்கம் அடிக்கப்பட்டிருக்கும். அதற்கு முன்னால் ஆங்கில எழுத்து இருக்கும். ‘வை’ அல்லது ‘எவ்’ என்ற தனி எழுத்து என்றால் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்தது. ‘ஈ’ என்று தொடங்கும் இரண்டு எழுத்து என்றால் அதே தொழிற்சாலையில் 1935க்குப் பிறகு செய்தது. அந்தத் தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். அங்கே செய்த மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன.

தங்கச்சி வயதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அவ பார்த்தது வேறு. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினா. இறுகிப் பிடிக்கிறதா, ஒரே சீராகப் போகிறதா என்று பார்த்தா. அடித்தகட்டைத் தள்ளி உள்ளே பார்த்தா. ஒன்றில் தோணி போல நீண்ட ஷட்டில் இருந்தது. “இது வேண்டாம், இதுக்கு உள்சாமான் தேடி அலையவேணும்” என்றா. மற்றதில் வட்டப் பொபின் இருந்தது. அது சாதாரணமாகக் கடைகளில் கிடைக்கிற பொபின். இந்தியாவின் உஷா போன்ற மெஷின்களும் அதே அமைப்பில் வந்தபடியால் உதிரிப்பாகம் இன்றும் வாங்கலாம். தன் சட்டைத் தலைப்பிலிருந்து ஒரு துண்டு நூலை இழுத்து ஊசியில் கோத்து, கைக்குட்டையில் நாலு விரல் நீளம் தைத்துப் பார்த்தா. மேல்தையலும் கீழ்த்தையலும் ஒத்து வந்தது. பன்னிரண்டாயிரம் சொன்னதை எட்டாயிரத்து ஐந்நூறுக்குக் கொண்டுவந்து, எங்கள் எல்லோரிடமும் கைமாற்று வாங்கி அந்தக் கை மெஷினை எடுத்தா. மின்சாரம் இல்லாத வீட்டிலும் ஓடும். அந்தக் கடையில் அன்றைக்கு உண்மையான புதையல் எடுத்தது அவதான் என்று இப்போதும் சொல்வேன். கைமாற்றை நாலு மாதத்தில் தீர்த்துவிட்டா.

கடைசிக் கொட்டிலில்தான் பித்தளை. தட்டுத் தட்டாக, தரையில் குவியல் குவியலாக. குத்துவிளக்கு, தூண்டாமணி விளக்கு, பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், வெற்றிலைத் தட்டம், படிக்கம், பாக்குவெட்டி, சருவக்குடம். ஒரு தட்டத்தில் பழைய நாணயங்கள்: ஒல்லாந்தக் கம்பனியின் பின்னலெழுத்துப் பொறித்த செப்புக் காசு, தாளிப்பனை போட்ட விக்டோரியா காலத்துச் சதம், மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம். அந்தத் தாளிப்பனையைத் தென்னை என்று நினைத்து நாங்கள் சின்ன வயதில் சண்டை பிடித்திருக்கிறோம்.

ஒரு தட்டு நிறைய மூக்குப்பேணிகள். வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு மூக்கு வைத்த எங்கள் பேணி. தெற்கில் ஒரு கடையில் அதைக் காண எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் அடைத்தது. எங்களோடு வந்த இன்னொரு பெண் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அமைதியாக வைத்தா. “எங்கட அப்புவுக்கு உங்கட ஊரில இதில ஒருத்தரும் தண்ணி தரேல்லை. சிரட்டையிலதான்” என்றா. கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னா. 1960களில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் போவதற்காக மக்கள் போராட வேண்டியிருந்தது நாங்கள் எல்லோரும் அறிந்ததே. பழைய சாமான் என்றால் எல்லாமே இனிய நினைவு என்று நினைக்கக் கூடாது. ஒரே பேணி ஒரு வீட்டில் விருந்துபசாரம், இன்னொரு வீட்டில் அவமானம். அவ சொன்னதைக் கேட்ட பிறகு மூக்குப்பேணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரட்டையும் சேர்ந்தே தெரிகிறது. அது நல்லதுதான்.

செம்புகளின் குவியலுக்கு முன்னால் நான் நிலத்தில் இருந்துவிட்டேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தடியைத் தடவினேன். சிலவற்றில் ஒன்றும் இல்லை. சிலவற்றில் சிங்கள எழுத்து. சிலவற்றில் எழுத்தை அரத்தால் ராவி அழித்திருந்தார்கள். ராவிய இடம் மட்டும் பளபளவென்று, புண் ஆறிய தோல் போல இருந்தது. பதினெட்டோ பத்தொன்பதோ பார்த்திருப்பேன். பிறகு ஒன்றில் விரல் தட்டியது. தமிழெழுத்து. புள்ளி புள்ளியாக “க. சி.” அதன் பக்கத்தில் 1961.

அம்மாவின் எழுத்து அதுவல்ல. எங்கள் குடும்பத்தில் எவருடைய எழுத்தும் அதுவல்ல. ஆனால் அதைக் கையிலிருந்து இறக்க முடியவில்லை. வயிற்றுப் பக்கத்தில் ஒரு நசிவு. விளிம்பில் வெடித்த இடத்தில் பற்றாசு வைத்திருந்தார்கள். யாரோ ஒருத்தி இதை எறிந்துவிட மனமில்லாமல் திருத்துவித்து வைத்திருந்திருக்கிறா.

கடை முதலாளி அறுபது வயதுக்காரர். “மேவா யாப்பனே பித்தல, நோனா” என்றார். இவை யாழ்ப்பாணத்துப் பித்தளை என்று பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன். லொறியில் கொண்டுவந்து கிலோக் கணக்கில் கொடுப்பார்கள், தான் அதில் நல்லதைப் பொறுக்கி எடுப்பேன், மிச்சம் உருக்கப் போகும் என்றார். யாரிடம் வாங்கினார்கள் என்று லொறிக்காரரைக் கேட்பதில்லையாம். நான் செம்பின் எழுத்தைக் காட்டி, இது ஒரு பெண்ணின் பெயராக இருக்கலாம் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார். பல வருடம் கையாண்ட சாமான்தான், ஆனால் அந்தப் புள்ளிகள் எழுத்து என்று அவருக்கு அதுவரை தெரியாது. பூ வேலை என்று நினைத்தாராம். பிறகு மெதுவாகச் சொன்னார்: 2004 டிசம்பர் 26இல் தன் தகப்பனின் வீட்டைக் கடல் கொண்டுபோனது, ஒரு கரண்டி கூட மிஞ்சவில்லை என்று. “எங்கட சாமான் எந்தக் கடையிலும் வராது” என்று அவர் சொன்னதாக எங்கள் மொழிபெயர்ப்புக்காரத் தோழி சொன்னா. செம்புக்கு நாலாயிரம் என்று ஒட்டியிருந்தது. அவர் அதைக் கிழித்துவிட்டு ஆயிரத்து ஐந்நூறு வாங்கினார்.

வானுக்குத் திரும்பும்போது முல்லைத்தீவிலிருந்து வந்த அக்கா என் பக்கத்தில் நடந்தா. அவவின் மூத்த மகனை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தெருவோரப் போராட்டப் பந்தலிலும் எத்தனையோ நாள் இருந்தவ. கடைக்குள் அவ ஒன்றையும் தொடவில்லை, ஒன்றின் விலையும் கேட்கவில்லை. என் கையிலிருந்த செம்பைப் பார்த்துவிட்டு, “சாமான் எண்டால் எங்கையாவது ஒரு கடையில கிடக்கும், கவிழ்த்துப் பார்க்கலாம். நீ தேடு பிள்ளை. தேடக்கூடியதைத் தேடவேணும்” என்றா. அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். வெள்ளவத்தை வரும் வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அந்தச் செம்பு இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இந்த ஆண்டுகளில் நான் பலரிடம் கேட்டுப் படித்தவற்றை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் சாமான் போவது போரோடு முடிந்துவிடவில்லை. 2009க்குப் பிறகு முள்ளிவாய்க்கால், மாத்தளன் பக்கம் சனம் விட்டுவந்த சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பாத்திரமும் குவியலாகக் கிடந்து பழைய இரும்பாகப் போனதைக் கண்டோம். 2022ஆம் ஆண்டு அரிசிக்கும் மருந்துக்கும் காசில்லாமல் தவித்தபோது, எங்கள் ஒழுங்கையிலேயே ஆறு வீடுகளில் குத்துவிளக்கும் கிடாரமும் விற்றார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. பிள்ளையின் வயிற்றை விட விளக்குப் பெரிதல்ல. ஆனால் விற்பதென்றால் ஏமாறாமல் விற்க வேண்டும்.

முதலாவது, எது எந்த உலோகம் என்று தெரிந்திருக்க வேண்டும். காந்தம் ஒன்றை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. பித்தளை செம்பும் நாகமும் கலந்தது, மஞ்சள் நிறம். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. தட்டினால் ஓசை நீண்டு நிற்கும். கலப்பில்லாத செம்பு சிவந்திருக்கும். நிறை விலைக்கு விற்றாலும் பித்தளையை விட அதற்குக் கூடுதல் விலை. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு ஒரே விலை சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே ஒரு தராசில் நிறுத்து எழுதி வைத்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

இரண்டாவது, வாசலுக்கு வருகிற ஆளுக்கு வந்த அன்றே விற்காதீர்கள். “இண்டைக்குத் தந்தால்தான் இந்த விலை” என்பது வியாபாரப் பேச்சு. இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். உருக்கப் போகும் நிறைக்கு ஒரு விலை. பழைய வேலைப்பாட்டுக்கு வேறு விலை. ஒரு தூண்டாமணி விளக்கை, ஒரு பாக்குவெட்டியை, ஒரு பெட்டகத்தை நிறைக்கு விற்பது, தைத்த சேலையைத் துணித்துண்டு விலைக்குக் கொடுப்பது போன்றது. விற்கப் போகிறோம் என்று தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். வீட்டுப் பாவனைக்குப் புளி போட்டு மினுக்கலாம். ஆனால் பழைய சாமான் வாங்குகிறவர்கள் அந்தக் காலத்து மங்கலைத்தான் விரும்புகிறார்கள். கடுமையான மருந்து போட்டுத் தேய்த்தால் வேலைப்பாடும் எழுத்தும் தேய்ந்து போகும்.

மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் ஆசையாகக் கேட்டாலும், மிகப் பழைய பொருட்களை நினைத்தபடி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமும், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டமும் இருக்கின்றன. ஏட்டுச்சுவடி, பழைய நாணயம், விக்கிரகம் போன்றவற்றுக்குத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். விமான நிலையத்தில் பறிகொடுத்த பிறகு அழுவதில் பயனில்லை. வளவில் கிடங்கு வெட்டும்போது பழைய காசோ சிலையோ வந்தால் அதையும் இரகசியமாக விற்க வெளிக்கிடாமல் முறைப்படி அறிவிப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

நான்காவது, வைத்துப் பாவிப்பவர்களுக்கு. பித்தளைப் பாத்திரத்தில் புளி, தயிர், தக்காளி வைக்கக் கூடாது. சமைப்பதென்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். பூச்சு தேய்ந்துவிட்டால் மறுபடி பூசுவித்துத்தான் பாவிக்க வேண்டும். வீட்டில் வைக்க இடமில்லை, விற்கவும் மனமில்லை என்றால், யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். எங்கள் முன்னோர் பாவித்த பொருட்களை அங்கே காணலாம். அதைப் பார்த்த பிறகு உங்கள் வீட்டுக் கோடிக்குள் கிடக்கும் சாமானைப் பிள்ளைகளே துடைத்து உள்ளே கொண்டுவருவார்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு ஒன்று. சாமான் இல்லாவிட்டாலும் அதன் பட்டியல் உங்கள் நினைவில் இருக்கிறது. ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். அம்மாவின் பெட்டகம் எந்த மரம், எந்த அறையில் எந்தச் சுவரோடு இருந்தது, விளக்கை யார் வாங்கித் தந்தது, செம்பில் என்ன எழுத்து. பட்டியலை எழுதினால் சாமான் திரும்பி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மகள் வாசிப்பாள். தன் அம்மம்மாவுக்கு ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டில் ஒரு ஒழுங்கு இருந்தது, அந்த ஒழுங்கைப் பெண்கள்தான் நடத்தினார்கள் என்று அவளுக்குத் தெரிய வரும். நான் எழுதிய கொப்பியில் நாற்பத்தொரு சாமான் இருக்கிறது. எழுதத் தொடங்கியபோது பத்துக்கு மேல் வராது என்று நினைத்திருந்தேன்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. “க. சி.” என்று எழுத்து வெட்டிய, 1961 என்று ஆண்டு போட்ட, வயிற்றில் நசிவும் விளிம்பில் பற்றாசும் உள்ள நடுத்தர அளவுப் பித்தளைச் செம்பு ஒன்று உங்கள் வீட்டில், அல்லது உங்கள் அம்மா, பெரியம்மா, மாமி வீட்டில் இருந்ததா? அதன் அடிப்பக்கத்தில் இன்னொரு அடையாளமும் இருக்கிறது. அதை நான் இங்கே எழுதவில்லை. தெரிந்தவர்கள் அது என்ன என்று ஆசிரியர் பீடத்துக்கு ஒரு தபாலட்டை போடுங்கள். ஒத்து வந்தால் நான் கொண்டுவந்து தருகிறேன், எந்த ஊராக இருந்தாலும். காசு வேண்டாம். அந்தச் செம்பிலே ஒரு வாய் தண்ணீர் தந்தால் போதும்.